அருளப்பன் எடுக்கவில்லை

அன்புள்ள மாமாவுக்கு, மருமகள் ஜெசிந்தா குவைத்திலிருந்து எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அத்தை வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா?

போன வாரம் நான் வேலை பார்க்கும் வீட்டு மேடத்தின் கைக்கடிகாரத்தைக் காணோம் என்று என் சூட்கேஸைக் கொட்டிப் பார்த்தார்கள். பயப்படாதீர்கள், சாயந்திரமே சோபா இடுக்கில் கிடைத்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து நம் பட்டறையில் வேலை பார்த்த அருளப்பன் முகம்தான் கண் முன் நிற்கிறது.

போனில் சொல்ல வாய் வரவில்லை மாமா. அந்தப் பழைய ரேஸ் காரின் டைமிங் பெல்ட் தளராமல் இருக்க, ஸ்பிரிங்குக்குப் பதில் போல்ட் வைத்து, வரைந்து வரைந்து அழித்து, உங்கள் மகன் மூன்று மாதம் செய்தாரே டென்ஷனர், அதை அருளப்பன் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். அவர் உயிராக நினைத்த பொருளாயிற்றே என்று, சவப்பெட்டியை மூடும் முன் அவர் கைக்குக் கீழே யாரும் பார்க்காமல் வைத்துவிட்டேன்.

"ஏலே, உன்னைய விட்டா பட்டறைக்குள்ள எவன்டா வந்தான்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டீர்கள். "அண்ணன் செஞ்சத நான் விப்பேனா முதலாளி?" என்று அழுதான். நான் கதவோரம் வாய்மூடி நின்றேன். இப்போது அவன் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் பஞ்சர் ஒட்டுகிறானாம்.

நம் திண்டுக்கல் ஆட்கள் யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் பருப்புப் பொடியும், அவருடைய காக்கிச் சட்டை ஒன்றும் கொடுத்துவிடுங்கள். சட்டையைத் துவைக்க வேண்டாம்.

மேடம் கூப்பிடுகிறார். அருளப்பனை வரவழைத்து, அன்றைக்குப் பட்டறையில் இருந்த எல்லார் முன்னாலும் இந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசியுங்கள் மாமா.

ஜெசிந்தா