கண்டென்சர் மட்டும் வந்த விமானம்

என்றும் என் பிரியத்துக்குரியவருக்கு,

கடைசிவரை உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போதும் "என்னங்க"தான். என்னங்க, நலமா என்று கேட்க வாய் வரவில்லை.

ஓராண்டு ஆகிவிட்டது. தீவில், நம் டெலானிபூர் மேட்டில் மழை பிடித்துக்கொண்டது. நம் செல்வி பள்ளிக்கூடம் போகிறாள், என்னோடு இந்தியில் சண்டை போடுகிறாள். நான் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறேன்.

காண்டிராக்டரின் காரை ஓட்டப் போனபோது உங்களுக்கு எவ்வளவு பெருமை! "வெளிய வேகுது, காருக்குள்ள மட்டும் எப்படிங்க குளிருது?" என்று கேட்டேன். அடுப்பில் கொதித்த சோற்றுப்பானையின் மூடியைத் திருப்பிக் காட்டினீர்கள்.

"ஆவி மூடியில பட்டு, சூட்டை விட்டுட்டுத் தண்ணியாகுது பாரு. காருக்குள்ள இருக்கிற சூட்டை ஒரு கேஸ் வாங்கிட்டு வரும். கம்ப்ரசர் அதை அமுக்கி, முன்னாடி கண்டென்சருக்குத் தள்ளும். அங்க காத்துப் பட்டதும் கேஸ் சூட்டை வெளிய விட்டுட்டுத் தண்ணியாயிடும். அது திரும்ப உள்ள போய் ஆவியாகுறப்பதான் குளிருது."

அந்தக் கண்டென்சரை உப்புக்காற்று அரித்தது. மெல்லிய தகடுகளுக்கிடையே உப்பும் சேறும் அடைத்து, சூடு வெளியேற வழியில்லாமல் குளிர் நின்றுபோனது. புதிது வரும்வரை இதையே சுத்தம் பண்ணு என்றார் காண்டிராக்டர். துருப்பிடித்த தகடு உங்கள் உள்ளங்கையைக் கிழித்தது. ஒரு வாரத்தில் தாடை இறுகிவிட்டது.

"ரணஜன்னிம்மா, டெட்டனஸ். மருந்து இங்க தீர்ந்துபோச்சு. கப்பல்ல வர்றவரைக்கும் தாங்காது" என்றார் டாக்டர்.

காண்டிராக்டரின் மைத்துனர் புதுக் கண்டென்சரோடு கல்கத்தாவிலிருந்து விமானத்தில் வரவிருந்தார். மருந்துச் சீட்டோடு காண்டிராக்டரிடம் ஓடினேன்.

"அவருக்கு ஒரு தந்தி அடிச்சு, இதையும் வாங்கிட்டு வரச் சொல்லுங்கய்யா."

"ஃபிக்கர் பண்ணாதம்மா, கவலைய விடு, சொல்லிடறேன்."

விமானம் வந்தது. கண்டென்சரைப் போர்வையில் சுற்றி, பச்சைப்பிள்ளையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார் மைத்துனர். மருந்து வரவில்லை. காண்டிராக்டர் நெற்றியில் தட்டிக்கொண்டார். "அரே, மறந்தே போச்சும்மா!"

மறுநாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

துக்கம் கேட்க காண்டிராக்டர் அந்தக் காரிலேயே வந்தார். இறங்கவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கி, "எல்லாம் விதிம்மா" என்றார்.

"கண்டென்சர் மறக்கலையேய்யா?" என்று கேட்டேன். கண்ணாடி மேலே ஏறியது.

முதலாளியிடம் இப்படிப் பேசலாமா என்று கோபப்படுவீர்களோ? கோபப்பட்டாலும் பரவாயில்லை. போன மாதம் காரில் மறுபடி குளிர் நின்றுவிட்டதாம். உங்கள் டூல் பெட்டியைக் கேட்டு ஆள் அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டேன்.

அப்பா எப்படிச் செத்தார் என்று செல்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள். அக்கம்பக்கத்தில் காய்ச்சல் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவளுக்கு விவரம் தெரிந்ததும் காண்டிராக்டர் வீட்டுக்கே கூட்டிப்போய், அந்த மனிதரை எதிரில் நிற்க வைத்து, நடந்ததை நடந்தபடி சொல்வேன். இது நம் பிள்ளைமேல் சத்தியம்.

உங்கள் மனைவி,
செல்வியின் அம்மா மரகதம்