கிளட்ச் மேல் உன் இடது கால்

அண்ணா,

இன்று காலையில் அந்த நாற்றம் மறுபடியும் என் மூக்கில் ஏறியது. செவிலிமேட்டுக்கு வருகிற மினி பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. முடி கருகினாற்போல ஒரு வாடை வந்தது. மற்றவர்கள் சாக்கடை என்று நினைத்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கா தெரியாது? குனிந்து பார்த்தேன். டிரைவர் பையனின் இடது கால் கிளட்ச் மேலேயே குடியிருந்தது.

"கால எடுப்பா" என்றேன்.

"எந்தக் கால்மா?"

"இடது கால. கியர் மாத்துனா எடுத்துடணும். அது மேலயே வெச்சிக்கினு இருந்தா உள்ள இருக்குற தட்டு கருகிப் போயிடும்."

எடுத்தான். இந்தக் கிழவிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்ற பார்வை ஒன்றும் பார்த்தான். வீட்டுக்கு வந்து கைகால் கழுவிய பிறகும் அந்த நாற்றம் போகவில்லை. நீ போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதனால் திட்டுவதற்கு ஆள் இல்லாமல் இதை உனக்கு எழுதுகிறேன்.

எழுபதுகளில் அந்த வேனை யாரோ உன் தலையில் கட்டினார்களே, அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அரிசி மில்லில் தவிட்டு மூட்டை ஏற்றி ஓய்ந்துபோன வண்டி. உள்ளே புளித்த தவிட்டு வாடை. சீட்டுக்கு அடியில் எலிப்புழுக்கை. கதவைத் திறந்தாலே எனக்குக் குமட்டும். நீயோ அதன் முகப்பில் விபூதிப் பட்டை போட்டு, மாப்பிள்ளை பார்ப்பதுபோலத் தள்ளி நின்று பார்ப்பாய். தறி வேலை இல்லாத நாட்களில் சேலை வாங்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போகலாம் என்பது உன் கணக்கு. அந்தத் தவிட்டு நாற்றத்தில் எந்தப் பெண்வீட்டார் ஏறுவார்கள் என்று கேட்டேன். "கழுவிட்டா போயிடும்மா" என்றாய். கழுவினாய். போகவில்லை.

பட்டு நெய்கிற வீட்டுக்குள் கிரீஸ் வந்ததைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. பிள்ளையார்பாளையத்தில் நம் வீட்டுத் தறியில் ஒரு கல்யாணச் சேலை பாதியில் நின்றது. நீ தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்வாய். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாக்கட்டையைத் தள்ளுவேன். இரண்டு பேர் இல்லாமல் அந்தச் சேலை ஓடாது. உன் விரலிடுக்கில் கறுப்பைப் பார்த்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன். சீயக்காய், சாம்பல், புளி என்று எல்லாவற்றையும் போட்டுத் தேய்க்கவைத்து, முகர்ந்து பார்த்த பிறகுதான் உன்னைத் தறிப்பக்கம் விடுவேன். கைகளைத்தான் பார்த்தேன். கால்களைப் பார்க்கத் தோன்றவில்லை. அந்தக் கால்கள்! பித்தவெடிப்பு முழுக்க மசகு ஏறி, நகமெல்லாம் கறுத்து. நான் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்.

அம்மா மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில் இருந்த சமயம்தான் வண்டி படுத்தது. கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். சனிக்கிழமை வந்து கூட்டிப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அலுங்காமல், படுக்கவைத்துக் கூட்டிப் போக வேண்டும் என்றும் சொன்னார்கள். அம்மாவுக்கும் என் மூக்குதான். இல்லை, எனக்குத்தான் அவள் மூக்கு. பஸ் புகை வாடைக்கே குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி எடுப்பவள். வயிற்றில் தையலோடு வாந்தி எடுத்தால் அது பிரிந்துவிடும் என்று நர்ஸம்மா சொன்னதைக் கேட்ட பிறகு நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. உன் வேன் வந்தால் மெத்தை போட்டுக் கொண்டுவரலாம். அதுவோ எஞ்சின் உறும, இருந்த இடத்தை விட்டு நகராமல் வாசலில் நின்றது.

உன் சிநேகிதர் மாணிக்கம் வந்தார். லாரி செட்டு மெக்கானிக். மூடியைத் திறந்து மோப்பம் பிடித்துவிட்டு, "கிளட்ச் தட்டு தேஞ்சிடுச்சிப்பா. பழைய வண்டின்னா அப்டித்தான். மாத்திட்லாம். நான் கூட இருக்குறேன்" என்றார். கூட இருந்தார், வேறு எதுவும் செய்யவில்லை. இடுப்புப் பிடிப்பாம், குனியக் கூடாதாம். நாம் குடிக்கத் தண்ணீர் பிடிக்கிற பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, வாய் நிறையப் புகையிலையோடு உத்தரவு போட்டார். துப்ப வேண்டியதையெல்லாம் என் கனகாம்பரச் செடியில் துப்பினார். அந்தச் செடியை அப்புறம் நான் தொடவே இல்லை.

நீயும் நானும் அதற்கு முன் ஒரு சைக்கிள் செயினைக்கூட மாட்டியதில்லை. நீ வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டாய். நான் கயிற்றைப் பிடித்தேன். கியர் பெட்டியைக் கழற்றிக் கயிற்றில் இறக்கியபோது கறுப்பு எண்ணெய் உன் முகத்திலும் வாயிலும் கொட்டியது. நீ துப்பிவிட்டுச் சிரித்தாய், பல்லெல்லாம் கறுப்பாக. எனக்கு நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. திருகாணிகளை எதில் போட்டாய் தெரியுமா? நான் அரிசி களைகிற பாத்திரத்தில். மண்ணெண்ணெய் ஊற்றி வேறு ஊறவைத்தாய்.

பழைய தட்டு வெளியே வந்தது. கருகிப் பளபளவென்று, தீய்ந்த தோசையைப்போல இருந்தது. புதுத் தட்டை மையம் தவறாமல் நிறுத்தித்தான் முடுக்க வேண்டுமாம். விலகினால் கியர் பெட்டியின் தண்டு உள்ளே நுழையாதாம். அதற்கென்று ஒரு கம்பி இருக்கிறதாம். மாணிக்கம் அதைக் கொண்டுவர மறந்துவிட்டார்.

"அந்த கனத்துல ஒரு கட்டை இருந்தா போதும்பா. வூட்ல இன்னா இருக்குது, பாரு" என்றார்.

நீ உள்ளே போய் அம்மாவின் மத்தை எடுத்து வந்தாய். தயிர் கடைகிற மத்து. அதன் காம்பில் துணியைச் சுற்றித் தட்டின் நடு ஓட்டைக்குள் விட்டாய். நான் கத்தினேன். "அம்மா வர்றதுக்குள்ள கழுவி வெச்சிட்லாம்மா" என்றாய். உன் வாழ்க்கையில் எல்லாமே கழுவினால் போய்விடும்.

கியர் பெட்டி திரும்ப ஏற மறுத்தது. கடைசியில் நானும் அந்தச் சகதியில் உன் பக்கத்தில் படுத்தேன். பின்னல் முழுவதும் எண்ணெய். "முட்டாதம்மா. மெதுவா ஆட்டி ஆட்டி வுடு" என்றாய். ஆட்டினோம். எங்கேயோ ஒன்று இடம் பார்த்து, நழுவி, உள்ளே போய் உட்கார்ந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. அன்றைக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை போனோம். வேனின் பின்பக்கத்தைப் பினாயில் போட்டுக் கழுவி, வேப்பிலை பரப்பி, மெத்தை போட்டிருந்தேன். மாணிக்கமும் வழித்துணை என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அம்மாவைப் படுக்கவைத்துக் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தேன். முகர்ந்துகொண்டே வந்தாள். பூந்தமல்லி தாண்டியதும் அது வந்தது. அதே நாற்றம்.

"இன்னாடி இது, குடல பொரட்டுது" என்றாள் அம்மா. எலுமிச்சம்பழம் கையிலிருந்து உருண்டது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வாய் ஓங்கரித்தது, ஆனால் எதுவும் வரவில்லை. அடுத்த முறை வந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. நிறுத்தச் சொல்லிக் கத்தினேன்.

புளியமரத்தடியில் நிறுத்தினாய். கதவையெல்லாம் திறந்துவிட்டோம். "புதுத் தட்டு. கொஞ்சம் வாடை வரத்தாம்பா வரும்" என்றார் மாணிக்கம். காற்றில் அம்மா மெல்லத் தணிந்தாள். ஆனால் கிளம்பியதும் மறுபடி நாறும். ஊர் இன்னும் வெகுதூரம். நான் முன்னால் வந்து, உன்னை வண்டியை எடுக்கச் சொல்லி, நீ என்ன செய்கிறாய் என்று கதவோரப் படியில் தொற்றி நின்று பார்த்தேன். வண்டி நகர்ந்தது. உன் கை கியரை விட்டுவிட்டது. கால் விடவில்லை. வெறுங்கால், விரல்களை விரித்து, கிளட்ச் மேல் பாதி அழுத்தமாக, சுகமாகப் படுத்திருந்தது.

பார்த்ததும் புரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் உன் கால் அந்த மாதிரி தினமும் என் ஓரக்கண்ணில் பட்டிருக்கிறது. தறிக்குழியில் மிதிபலகை மேல் அது அப்படித்தான் இருக்கும். நெய்கிறவன் மிதியை விட்டுக் காலை எடுக்க மாட்டான். விவரம் தெரிந்த நாளிலிருந்து பலகை மேலேயே இருந்த கால், வண்டியிலும் ஒரு பலகையைக் கண்டதும் அதன் மேல் ஏறிக்கொண்டது. பழைய தட்டைத் தின்றதும் அதுதான். மாணிக்கம் பக்கத்திலேயே உட்கார்ந்து புகையிலையை மென்றுகொண்டு வந்தாரே தவிர, இதைப் பார்க்கவில்லை.

"ண்ணா, கால எடு."

எடுத்தாய். கொஞ்ச தூரத்தில் அது தானாகத் திரும்பிப் போனது. நான் சொன்னேன். எடுத்தாய். போனது.

"அது தானா போவுதுமா. நான் இன்னா பண்றது?" என்றாய். உன் குரல் அழுகிற மாதிரி இருந்தது. பின்னால் அம்மா மறுபடி ஓங்கரித்தாள்.

வண்டியை நிறுத்தவைத்து, மாணிக்கத்தை இறக்கி அம்மாவின் கால்மாட்டில் உட்காரவைத்தேன். புகையிலையைத் துப்பிவிட்டு ஏறு, வாயைத் திறக்காதே என்றேன். அவர் துப்பிவிட்டு ஏறினார். நான் முன்னால் ஏறி, சீட்டில் உட்காராமல், கீழே அந்தப் பிசுபிசுத்த தகரத்தின் மேல் குந்தினேன். உன் இடது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வெடிப்பும் மசகும் வியர்வையுமாக, சேற்றில் கிடந்த கிழங்குபோல இருந்தது. வாந்தி எனக்கு வரும்போல் இருந்தது. "வுடு" என்று நீ சொல்லும்போது விடுவேன். நீ மிதித்துக் கியர் மாற்றுவாய். உடனே பிடித்துத் தூக்கி என் மடியில் வைத்துக்கொள்வேன். அது திமிறும். அழுத்திப் பிடிப்பேன். ஸ்ரீபெரும்புதூர் போயிற்று, சுங்குவார்சத்திரம் போயிற்று. நான் ஒன்றையும் பார்க்கவில்லை, அந்தக் காலைத்தான் பார்த்தேன். நாற்றம் வரவில்லை. அம்மா தூங்கிவிட்டாள்.

வாசலில் வண்டி நின்று எஞ்சின் அணைந்த பிறகும் நான் பிடித்தபடியே இருந்திருக்கிறேன்.

"வுடுமா. வூடு வந்துடுச்சி" என்றாய்.

போய்க் கையைத் தேய்த்தேன், தோல் எரியும்வரை. மறுநாள், நீ கழுவிவைத்த மத்தால் அம்மாவுக்கு மோர் கடைந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "மோர்ல இன்னாடி மண்ணெண்ண நாத்தம்?" என்றாள். நீ திரும்பிப் பார்க்காமல் தறிக்குப் போய்விட்டாய்.

நீ போன அன்று வீடு எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்கு மேலேயே சாய்ந்துகொண்டு ஒருவன் போனில் நில விலை பேசினான். டீ குடித்த காகித டம்ளர்களை உன் தலைமாட்டிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். சென்ட் நாற்றமும் வாடிய ரோஜா நாற்றமும் சேர்ந்து குமட்டியது. எல்லோர்மேலும் எனக்கு அருவருப்பாக இருந்தது. உன்மேலும்தான், பேசாமல் படுத்திருந்தாயே.

அந்தப் பெட்டி வருவதற்கு முன், உன் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட வந்தார்கள். வலது கால் நேராக இருந்தது. இடது கால் மட்டும் விலகி, முன்பாதம் கீழே அழுந்தினாற்போல இருந்தது. கட்ட வந்தவர் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. நான் அவரை நகரச் சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்தேன். இரண்டு கையாலும் பிடித்தேன். அந்தக் காலை எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று எனக்குத் தெரியும். வந்தது. அவர் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"போதும், விடுங்கம்மா" என்றார்.

அவர் சொல்லி நான் எதற்கு விட வேண்டும்? வீடு வந்துவிட்டது என்று நீதானே சொல்ல வேண்டும்.