நல்ல தண்ணி, நல்லாத் தண்ணி

டிசம்பர் 3, புதன்
அவருக்கு லீவு கிடைத்துவிட்டது! ஜம்மு ராணுவ முகாமிலிருந்து போன். என் வீட்டுக்காரர் ஆல்வின் கிறிஸ்துமஸுக்கு எங்களோடு இருப்பார். குதிக்காத குறைதான். அதற்குள் அடுத்த பேச்சு: "வந்ததும் மொத வேலையா அந்தப் பாத்ரூம் கண்ணாடியக் கழட்டிருவோம். கதவுக்கடை விக்னேஸ்வரன்ட்ட பிளாஸ்டிக் கதவுக்குச் சொல்லிட்டேன்."

வீடியோ காலில் கண்ணாடியில் படிந்த உப்புக் கறையைப் பார்த்துவிட்டார். குளிக்கிற இடத்துக்குக் கண்ணாடித் தடுப்புதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது நான். ராஜபாளையத்து உப்புத் தண்ணிக்கு அது தாங்காது என்று தலையில் அடித்துக்கொண்டது அவர். வருடம் திரும்பவில்லை, மோர் கொட்டிக் காய்ந்த மாதிரி கிடக்கிறது.

ஆனாலும் விடமாட்டேன். வாசல் கதவு முதல் மாடிப்படி வரை எல்லாம் அவர் இஷ்டம். இந்த வீட்டில் நான் கேட்டது இது ஒன்றுதான்.

டிசம்பர் 5, வெள்ளி
சோப்புத் தூள் – ஒன்றும் நடக்கவில்லை. கோபத்தில் ஸ்டீல் நாரை எடுத்துத் தேய்த்தேன். கறை அப்படியே இருக்கிறது, கூடவே மூலையில் கீறல். எனக்கு ஏன் இந்த அவசரப் புத்தி?

டிசம்பர் 6, சனி
யுவராணியிடம் கேட்டேன். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் எனக்குப் பக்கத்துத் தறி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். அவள் வீட்டுத் தண்ணீரும் உப்புதான், ஆனால் ஜன்னல் கண்ணாடி பளபளக்கும்.

தறிச் சத்தத்தில் கத்திக் கத்திச் சொன்னாள். வினிகரில் துணியை நனைத்துக் கறைமேல் ஒட்டி வைக்க வேண்டும். ஊறியதும் மெத்தென்ற துணியால் தேய்க்க வேண்டும். "பொறவு நல்லாத் தண்ணி ஊத்தி விடு!"

டிசம்பர் 7, ஞாயிறு
கோயில் முடிந்து வந்ததும் ஆரம்பித்தேன். வீடெல்லாம் ஊறுகாய் வாடை. ஆனால் கறை கரைந்து வந்தது! சொன்னபடியே நல்லாத் தண்ணீர் ஊற்றினேன். போர் மோட்டாரைப் போட்டு, வாளி வாளியாக. அந்தப் பக்கம் இருக்கும் ஷாம்பு பாட்டிலின் எழுத்தைக்கூட வாசிக்க முடிகிறது. விக்னேஸ்வரன் தன் கதவை வேறு யாருக்காவது விற்றுக்கொள்ளட்டும்.

டிசம்பர் 8, திங்கள்
காலையில் பார்த்தால் அம்மை போட்ட மாதிரி கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி. அழுகையே வந்துவிட்டது. நேரே யுவராணியிடம் சண்டைக்குப் போனேன்.

"எந்தத் தண்ணிய ஊத்துன?" என்றாள்.

"போர் தண்ணிதான். நீதான நல்லா ஊத்தச் சொன்ன?"

"ஏட்டி, நல்லாத் தண்ணி இல்ல, நல்ல தண்ணி! குடிக்கிற தண்ணி! உப்பக் கழுவிட்டு மறுபடி உப்பையே ஊத்தி வச்சிருக்கியே!"

அத்தனை தறிக்காரிகளும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் பொன்னுராஜ் அண்ணன் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். கடைசியில் நானும் சிரித்துவிட்டேன். ஒரு துணைக்காலால் வந்த வினை!

டிசம்பர் 10, புதன்
மறுபடி வினிகர். மறுபடி தேய்ப்பு. கடைசியாக ஒரே ஒரு செம்பு நல்ல தண்ணி. குடிக்கிற தண்ணீரைக் கண்ணாடிக்கு ஊற்றும்போது மனசு அடித்துக்கொண்டது.

தினமும் இப்படி ஊற்றினால் கட்டுப்படியாகுமா? யுவராணி அதற்கும் வழி சொன்னாள். எந்தத் தண்ணீரானாலும் காயவிடக் கூடாது. குளித்த கையோடு வைப்பரால் வழித்து, துணியால் துடைத்துவிட வேண்டும். கம்பெனியில் கழித்துப்போட்ட பேண்டேஜ் துணி இதற்கென்றே நெய்தது போல் இருக்கிறது.

டிசம்பர் 16, செவ்வாய்
புள்ளி இல்லை. ஸ்தோத்திரம்.

டிசம்பர் 22, திங்கள்
வந்துவிட்டார். கறுத்து, இளைத்து. குளித்துவிட்டு வெளியே வரும்வரை வாசலிலேயே நின்றேன். கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை? "இட்லி இருக்காட்டி?" அவ்வளவுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இட்லியே கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்தேன்.

டிசம்பர் 27, சனி
வன்னியம்பட்டியில் வீடு கட்டுகிற அவருடைய கூட்டாளி சின்னக்கருப்பன் போன் பண்ணினார். இவர் பேசியது அடுப்படி வரை கேட்டது.

"ஏலே, பிளாஸ்டிக் கதவெல்லாம் எதுக்கு? கண்ணாடியே போடு. எங்க வீட்டுல நாந்தான் பிடிவாதமா நின்னு போட வச்சேன்."

கரண்டியோடு ஹாலுக்குப் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்து திரும்பிவிட்டேன்.

அவர் குளித்த பிறகு நான் குளிக்கப் போனேன். கண்ணாடியில் ஒரு சொட்டு இல்லை. பேண்டேஜ் துணி ஈரமாக, நாலாக மடித்து, பட்டாளத்து மடிப்பு கலையாமல் கம்பியில் தொங்கியது.