காயலாங்கடைக்குப் போய்வந்த ரேடியோ

ஜூலை 2003, ஞாயிறு இரவு

மதியம் மீன் வாங்கிக்கொண்டு வந்தால், ஜன்னலோரத்தில் என் வால்வு ரேடியோவைக் காணோம். கணவரைக் கேட்டேன்.

"காயலாங்கடைல போட்டேன். பொம்பள சால்டரிங் புடிச்சிகினு குந்திகினு கீறான்னு இந்த ஹவுசிங் போர்டு பிளாக்கே சிரிக்குது."

கல்யாணத்துக்கு முன்னால் டிரான்ஸ்பார்மர் கம்பெனியில் காயில் சுற்றியவள் நான். ஊமையாகக் கிடந்த அந்த ரேடியோவை வாங்கி, கண்டென்சர்களை மாற்றிப் பாட வைத்தவளும் நான்தான். மீனை அப்படியே போட்டுவிட்டுப் புளியந்தோப்பில் இருக்கும் அந்தக் கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் செம்புக் கம்பிக்காக அதன் முதுகைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

"கைய எடுண்ணே, அது என்னுது."

"உன் வூட்டுக்காரருதாம்மா போட்டுட்டுப் போனாரு."

"என் பொருள குடுக்க அவரு யாரு?"

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். என் கணவருக்கு அவர் கொடுத்திருந்த காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரேடியோவை மடியில் வைத்து ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்தேன். அறுந்திருந்த ஸ்பீக்கர் ஒயரை, கதவை அகலத் திறந்துவைத்து, கணவரின் கண்ணெதிரேயே பற்றவைத்தேன். வால்வுகள் மெல்லச் சிவந்தன. பாட்டு வந்ததும் சத்தத்தைக் கூட்டினேன். எதிர்வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும்.

"மானம் போவுது மே, சத்தத்தக் கொறை."

"இன்னொரு தபா இத அங்க எடுத்துனு போனா, என்னையும் சேத்து தராசுல ஏத்துய்யா."

சாப்பிடாமலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நாளை நான் வேலைக்குப் போனதும் என்ன செய்வாரோ தெரியவில்லை. செய்யட்டும். அந்தக் கடைக்கு வழி எனக்குத் தெரியும்.