ஐலி பாதி வழியில் திரும்பினாள்

அன்புள்ள யூஹானிக்கு,

தண்டர் பே வீட்டிலிருந்து அப்பா எழுதுவது. குழந்தை ஓன்னி நலம், வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்குகிறான், நானும் நலம், உன் மனைவி ஐலியும் நலம் என்று ஒரே வரியில் முடித்துவிட மனம் வரவில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமென்றால் சுரங்கத்து விடுதியில் உன்னைச் சுற்றி எப்போதும் நாலு பேர், இது நாலு பேர் கேட்கும் விஷயமில்லை.

ஐலிக்கு ஆயுதம் போட்டுத்தான் குழந்தையை எடுத்தார்கள் என்பது உனக்குத் தெரியும். தையல் ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்ன மறுநாளே ஓடுகிற ஷூவைத் தேடி எடுத்துவிட்டாள். மார்ச் மாதப் பனிச்சறுக்குப் பந்தயத்துக்கு உங்கள் இரண்டு பேர் பெயரையும் நீ கொடுத்திருந்தாய், அதோடு போனில், "பக்கத்து வீட்டு ரீட்டா பிள்ளை பெத்து ஒரே மாசத்துல ஓட ஆரம்பிச்சுட்டா, நீ இன்னும் சோபாவுலயே கிடக்கியா?" என்று கேலி செய்தாய். உனக்கு அது விளையாட்டு, அவளுக்கு வைராக்கியம்.

ஓடப் போனவள் கொஞ்ச நேரத்தில் என்னைப் போனில் கூப்பிட்டாள், "மாமா, குழந்தையைத் தூக்கிக்கிட்டு வண்டியில வாங்க" என்று. போய்ப் பார்த்தால் பாதையோரம் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பழைய துண்டு ஒன்று கேட்டு வாங்கி, சீட்டில் விரித்து உட்கார்ந்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஒண்ணுக்கு அடக்க முடியல மாமா, உள்ளேயிருந்து எதுவோ கீழே இறங்குற மாதிரி கனக்குது, அத்தை இருந்தா அவங்ககிட்ட சொல்லியிருப்பேன்" என்றாள். வண்டி ஹீட்டரைக் கூட்டி வைத்தேன், வேறென்ன செய்ய.

இதற்கென்றே படித்த டெனீஸ் என்ற பிசியோதெரபிஸ்ட் அம்மாளிடம் கூட்டிப் போனேன். கர்ப்பப்பை சற்றே இறங்கியிருக்கிறது, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றார். இடுப்புக்கு அடியில் எல்லாவற்றையும் ஏந்திக்கொண்டிருக்கும் தசை பிரசவத்தில் நைந்துபோயிருக்கிறது, இவளோ பயத்தில் அதை நாள் முழுக்க இறுக்கியே வைத்திருந்திருக்கிறாள். "இறுக்குறதுக்கு முன்னாடி தளர விடக் கத்துக்கம்மா" என்றாராம். மூச்சை இழுக்கும்போது தளரவிட வேண்டும், விடும்போது மெல்ல மேலே இழுக்க வேண்டும், பிள்ளையைத் தூக்கும்போதும் மூச்சை விட்டுக்கொண்டே தூக்க வேண்டும், முக்கவே கூடாது. மலச்சிக்கல் வந்து முக்க நேராமலிருக்கத் தினமும் ரை தானியக் கஞ்சி காய்ச்சுகிறேன், அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிக்கிறாள். டெனீஸிடம் முதலில் போய்விட்டு வீட்டுக்கு வந்த அன்று சறுக்குக்கட்டைகளை விற்றுவிடச் சொன்னாள், "இது என் உடம்பே இல்ல மாமா, யார்கிட்டயோ இரவல் வாங்கின மாதிரி இருக்கு" என்று அழுதாள். நான் விற்கவில்லை.

குளிர்காலம் முழுக்க நடைதான், மூச்சுப் பயிற்சிதான். போன வாரம் சாப்பிடும்போது அவளுக்குப் பெரிய தும்மல் ஒன்று வந்தது, இருவரும் திகைத்து ஒருவரையொருவர் பார்த்தோம், பிறகு "ஒண்ணும் ஆகல மாமா!" என்று அவள் சிரித்த சிரிப்பில் ஓன்னி விழித்துக்கொண்டான். சமதரையில் மெதுவாகச் சறுக்கலாம் என்று டெனீஸ் அனுமதித்ததால் ஞாயிறன்று உறைந்த ஏரிக்குப் போனோம். நன்றாகப் போய்க்கொண்டிருந்தவள் பாதி வழியில் நின்றாள், திரும்பி வந்தாள். "லேசா கனத்துச்சு, கனத்தா திரும்பிடணும்னு சொல்லியிருக்காங்க, அதான் திரும்பிட்டேன்" என்றாள். முகத்தில் தோற்ற களை இல்லை. அவள் சறுக்குப் பந்தயங்களில் கோப்பை வாங்கிய நாட்களில்கூட அவளை நான் இவ்வளவு மதித்ததில்லை.

பந்தயத்திலிருந்து அவளே பெயரை எடுத்துவிட்டாள், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றுகூட நீ சொல்ல வேண்டாம். இன்னொரு முறை வேலையை நீட்டிக்கக் கையெழுத்துப் போடாதே, வந்துவிடு, விறகு சுமப்பதும் பனி தள்ளுவதும் உன் பொறுப்பு. இன்னொன்று, தகப்பன் எழுதக் கூசுவது, புருஷன் நீ புரிந்துகொள்வாய்: அவளாகச் சொல்லும் வரை பொறு.

கடவுள் உன்னைச் சுரங்கத்திலிருந்து பத்திரமாக மேலே ஏற்றிக் கொண்டுவந்து சேர்க்கட்டும். சனிக்கிழமை நீ தனியாக இருக்கும்போது அவளைக் கூப்பிடு, மறக்காதே. எப்படி இருக்கிறாய் என்று கேள், அவள் சொல்லி முடிக்கும் வரை வாயைத் திறக்காதே.

என்றும் உன் நலம் கோரும்
அப்பா ஏய்னோ