சனிக்கிழமை நீ வேலைக்குப் போயிருந்தாய்

இன்று காலை குளியலறைக்குள் இருந்து குமிழிச் சத்தம் கேட்டது. உனக்கு அந்தச் சத்தம் தெரியாது, நீ போன பிறகு இந்த வீட்டுக்கு வந்தது அது. கிளாசில் பாதிக்குத் தண்ணீர் எடுத்து, உறிஞ்சிக் குடிக்கிற ஒரு ஸ்ட்ரோவை விட்டு, அதற்குள் ஊதிக்கொண்டே குரலை மேலும் கீழும் இழுக்க வேண்டும். அப்படிச் செய்தால் பாடுவதற்கு முன் தொண்டை இளகுமாம். கொலிஜிலிருந்து இடமில்லை என்று பதில் வந்த நாளோடு எங்கள் மகள் ஆரணி அதை நிறுத்தியிருந்தாள். இன்று திரும்பவும் தொடங்கியிருக்கிறாள். நான் தேநீர்க் கோப்பையோடு கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். சந்தோசப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. இப்படி ஒன்றும் தெரியாமல் கதவுக்கு வெளியே நிற்பதுதான் இந்த ஒரு வருடமாக என் வேலை. உன்னிடம் சொல்ல ஒரு செய்தியும் இருக்கிறது, அதுதான் எழுத உட்கார்ந்தேன்.

இதைத் தொடக்கிவைத்தவள் நீ. அவளுடைய பள்ளிக்கூட நாடகத்துக்கு நாங்கள் போன பின்னேரம் நினைவிருக்கிறதா? பிள்ளை பின்வரிசையில் இருபது பேரோடு நின்று பாடினாள். நான் வெயர்ஹவுசிலிருந்து நேரே வந்த களைப்பில் இருந்தேன். நீ முழங்கையால் இடித்தாய். "இஞ்சருங்கோ, மூஞ்சையை உப்பிடி வைச்சிருக்காதேங்கோ. அவள் இஞ்சைதான் பாக்கிறாள்." திரும்பி வரும்போது காருக்குள் நான் மருந்துக்கடை வேலைக்கான பாமசிப் படிப்பைப் பற்றிக் கதையெடுத்தேன். நீ கண்ணாடியால் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாய். "பாமசிக்கு எங்கடை ஆக்களிலை எவ்வளவு பிள்ளையள் நிக்குதுகள். இவளை விடுங்கோ."

அன்றைக்கு நான் தோற்றேன். அடுத்த வருடமே நீ நோயில் படுத்துவிட்டாய். நீ வென்ற வழக்கை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய் என்று எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது. அதை உன்னிடமே சொல்கிறேன், வேறு யாரிடம் சொல்ல?

பாட்டும் ஆட்டமும் நடிப்பும் ஒன்றாகப் படிப்பிக்கிற அந்தக் கொலிஜ் படிப்புக்கு, ஆட்களைத் தெரிவு செய்கிற பனலுக்கு முன்னால் பாடி ஆடிக் காட்டுகிற ஓடிசனில் தேறவேண்டும், அந்த ஓடிசனுக்குப் பழக்க ஒரு கோச் வேண்டும் என்று ஆரணி சொன்னபோது எனக்குப் பாரம் குறைந்ததுபோல் இருந்தது. ரியூசன் எனக்குத் தெரிந்த விசயம். கணக்குக்கு விட்டோம், வயலினுக்கு விட்டோம், பரதத்துக்கு விட்டோம். வாசலில் இறக்குவது, காருக்குள் கண்ணயர்வது, ஏற்றிக்கொண்டு வருவது. இங்கே மல்வேர்னில் பாதித் தகப்பன்மார் செய்வது அதுதானே.

கோச் நகரத்தின் மேற்குப் பக்கத்தில், சைக்கிள் திருத்துகிற கடை ஒன்றுக்கு மேலே இருந்தார். ஐம்பது வயது இருக்கும் பெண்மணி, ஒரு காலத்தில் மேடையில் பாடி ஆடியவராம். பெயர் சொல்லிக் கூப்பிடும்படி சொன்னார். ரீச்சரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, கோச் என்றே வைத்துக்கொண்டேன். முதல் நாள் என்னையும் உள்ளே கூப்பிட்டு இருத்தி, இந்தப் பயிற்சியில் நான் எதிர்பார்ப்பது என்ன என்று கேட்டார். நல்ல மார்க்ஸ் என்றேன். ஆரணி கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு அவர் பிள்ளையைப் பார்த்துச் சொன்னார். ஓடிசனுக்கு வருகிற எல்லாருக்கும் குரல் இருக்கும், அதனால் குரலை மட்டும் கொண்டுபோனால் போதாது, உனக்கு எது வலிக்கிறதோ அதைக் கொண்டுவா, அதிலிருந்து பாட்டையும் பேசுகிற பகுதியையும் தெரிவு செய்வோம். அதற்கெல்லாம் சேர்த்து அவர்கள் வைத்திருக்கும் பெயர் மெட்டீரியல். சொல்லிவிட்டு, அம்மா வரவில்லையா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஆரணி பதில் சொல்லிவிட்டாள். அம்மா வேலை, சனிக்கிழமைகளில் அவவுக்கு எப்போதும் வேலை.

நாங்கள் இருக்கும் ஸ்காபுரோப் பக்கத்துக்குத் திரும்பிய பிறகுதான் கேட்டேன்.

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனி?"

"அவ சொன்னது கேட்டீங்கள்தானே. வலிக்கிறதைக் கொண்டு வா எண்டு. அம்மா செத்திட்டா எண்டு சொன்னா, தட்ஸ் இற், அதைத்தான் பாடச் சொல்லுவா. பனலுக்கு முன்னாலை நான் அழுதாப் பிடிக்கும் அவைக்கு." வெளியே பார்த்தபடி சொன்னாள். "அம்மா மெட்டீரியல் இல்லை அப்பா. நீங்களும் சொல்லாதேங்கோ. ப்ளீஸ்."

பொய் சொல்லக்கூடாது என்று சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் அது எவ்வளவு உண்மையான பொய் என்று உனக்குத் தெரியும். சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் முதல் வீட்டிலிருந்த காலத்திலிருந்து நீ சனிக்கிழமையில் வீட்டில் நின்றதில்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் உன்னுடைய ஷிப்ட் அது. பின்னேர இடைவேளையில் போன் எடுத்து, "சோத்தைச் சூடாக்கித் தின்னுங்கோ, குளிராத் தின்னாதேங்கோ" என்பாய். மகள் ஒன்றையும் புதிதாக உருவாக்கவில்லை. இருந்ததைத்தான் சொன்னாள்.

இலையுதிர் காலத்தில் வீடியோ எடுக்க வேண்டி வந்தது. முதலில் வீடியோவைப் பார்த்துக் கழித்துவிட்டு, மிஞ்சுகிறவர்களைத்தான் நேரில் கூப்பிடுவார்களாம். வீடியோ என்றதும் நான் விழித்துக்கொண்டேன், கடைசியில் எனக்கும் ஒரு வேலை வந்திருக்கிறது. ஆரணி பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுச் சடங்குக்குப் படம் எடுத்த வீடியோக்காரர் சிறியையே கூப்பிட்டேன். பெரிய லைற்றுகளோடு வந்தார். எங்கள் வீட்டில் வெறுமையான சுவர் உன்னுடைய படம் தொங்குகிற சுவர் ஒன்றுதான். படத்தைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு, அங்கேயே பிள்ளையை நிறுத்திப் பாடவிட்டு எடுத்தார். ஒரு வெள்ளிக்கிழமை வீடியோ வந்தது. ஆரணி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நான் பெரிய மனேஜர்போல, திறந்துகூடப் பார்க்காமல், அதை அப்படியே கோச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மூன்று பேரும் கோச்சின் மடிக்கணினிக்கு முன்னால் நின்று பார்த்தோம். முதலில் ஒரு குத்துவிளக்கு எரிந்தது. பிறகு நீ வந்தாய். சந்தன மாலை போட்ட அந்தப் படம். சிறி அதைக் கதிரையில் வைத்தே எடுத்திருக்கிறார். கீழே தங்க எழுத்தில் 'அம்மாவின் ஆசியுடன்' என்று ஓடியது. அதன் பிறகுதான் ஆரணி பாடினாள், அதுவும் கோயில் மண்டபத்துக்குள் நின்று பாடுவதுபோல எதிரொலியோடு. அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் சனத்துக்கு அவர் எப்போதும் அப்படித்தான் செய்து கொடுக்கிறார், நாங்களும் அப்படித்தான் கேட்கிறோம்.

கோச் சிரித்தார், நல்ல சிரிப்புத்தான். எதிரொலி கூடாது, வெட்டி ஒட்டக் கூடாது, போனிலேயே ஒரே மூச்சில் எடுத்தால் போதும் என்று விளங்கப்படுத்தினார். பிறகு வீடியோவைப் பின்னுக்கு ஓட்டி, உன்னில் கொண்டுவந்து நிறுத்தினார். இதுவா அம்மா, எவ்வளவு அழகு, ராணிபோல் இருக்கிறார், இந்த மாலை என்ன, பிறந்தநாளா என்று கேட்டார்.

எங்கள் ஆட்களில் யாராவது என்றால் அந்தப் படத்தைக் கண்டவுடனே குரலைத் தாழ்த்தியிருப்பார்கள். அந்த மனுசிக்கு மாலை என்றால் கொண்டாட்டம். ஆரணி என்னைப் பார்த்தாள். நான் என் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தேன். ஓம், பிறந்தநாளுக்குப் போட்டது என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னது காதில் விழுந்தது.

காருக்குள் ஏறியதும் அவள் சிரிக்கத் தொடங்கினாள். எனக்கும் அடக்க முடியவில்லை. குத்துவிளக்கைச் சொல்லிச் சிரித்தோம், தங்க எழுத்தைச் சொல்லிச் சிரித்தோம். நீ இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேரையும்விடக் கூடச் சிரித்திருப்பாய். அவளுடைய சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது. நான் ஹைவேயில் நடு லேனில் போய்க்கொண்டிருந்தேன். நிறுத்தவும் முடியவில்லை, திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. வலது கையை மட்டும் நீட்டினேன், அது அவளுடைய குளிர்கோட்டில் எங்கேயோ பட்டது.

போனில் எடுத்த வீடியோ தேறியது. மாரிக் குளிரில் நேரில் வரச்சொல்லி அழைப்பு வந்தது. அதற்கு முந்திய கிழமை, நான் பிறம்ரன் வெயர்ஹவுசில் வேலை இடைவேளையில் இருக்கும்போது கோச் போன் எடுத்தார். சுற்றிவளைக்காமல் கேட்டார். பிள்ளையிடம் குரல் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, ஆனால் ஒரு கதவைப் பூட்டி வைத்துக்கொண்டு பாடுகிறாள், பனலில் இருப்பவர்களுக்கு அது தெரியும், அந்தக் கதவைத் திறக்கத் தனக்குத் தெரியவில்லை, வீட்டில் ஏதாவது இருக்கிறதா?

ஒரு வசனம் போதும். என்னுடைய ஆங்கிலத்துக்கே மூன்று சொல்லில் முடிகிற வசனம். சொன்னால் கோச் அவளைப் பிடித்து வழிக்குக் கொண்டுவந்திருக்கலாம், இடம் கிடைத்திருக்கலாம். கிடைத்தாலும் நீ அந்தப் பனலுக்கு முன்னால் போயிருப்பாய், ஆரணி அதற்கு என்னை மன்னித்திருக்க மாட்டாள். சொல்லாமல் விட்டால் பிள்ளையின் இடத்தை நானே தட்டிவிட்டவன் ஆகிறேன். கோச்சை ஒழுங்குபண்ணியது நான், அவர் கேட்பதோ அவருடைய வேலைக்கு வேண்டிய ஒன்றை. இப்படியான நேரங்களில் நான் போனை உன்னிடம் தந்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன். அன்றைக்குத் தருவதற்கு ஆள் இல்லை. பக்கத்தில் ஒரு பெடியன் மைக்ரோவேவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

அவள் கொஞ்சம் கூச்சம், தாயைப்போல, என்றேன்.

ஓடிசன் அன்று அறைக்கு வெளியே ஒரு நீண்ட நடைவழியில் மற்றத் தாய் தகப்பன்மாரோடு இருந்தேன். ஒரு தாய் தன் மகனுடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். இன்னொருத்தி மகளுக்குத் தலை வாரிவிட்டாள். நான் ஆரணியின் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். உள்ளே யாரோ பாடுவது கேட்டது, அது என்னுடைய பிள்ளையா என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. பத்து வருடம் பக்கத்து அறையில் கேட்ட குரல் அது.

வெளியே வந்து ஓகே என்றாள். காரில் பெல்ற்றைப் போட்டபடி தானாகவே சொன்னாள்.

"உன்னைப் பற்றி ஏதாவது சொல்லு எண்டு கேட்டவை."

"என்ன சொன்னனி?"

"மல்வேர்ன் எண்டு சொன்னன். அப்பா வெயர்ஹவுசிலை எண்டு சொன்னன். அம்மா ஹொஸ்பிற்றலிலை வேலை செய்யிறா எண்டு சொன்னன்."

செய்யிறா என்றாள். நான் காரை எடுத்தேன்.

வசந்தத்தில் பதில் வந்தது. இடமில்லை, வாழ்த்துகள். இரண்டு நாள் அவள் அறையை விட்டு வரவில்லை. நான் கதவில் தட்டிச் சோறு வைத்தேன், சூடாகத்தான் வைத்தேன். எதனால் விட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. குரல் போதாமல் இருந்திருக்கலாம், ஆட்டம் போதாமல் இருந்திருக்கலாம், என்னுடைய வாயில் நின்றுபோன அந்த வசனமாகவும் இருக்கலாம். கேட்டால் சொல்லமாட்டார்கள். இனி ஒருநாளும் தெரியவும் வராது. உனக்குத் தெரிந்தால்கூட என்னிடம் சொல்ல வழி இல்லை.

நேற்றுக் கோச் திரும்பவும் போன் எடுத்தார். அடுத்த வருடமும் முயற்சி செய்வதென்றால் செப்டெம்பரில் அதே சனிக்கிழமை, அதே நேரத்தைப் பிள்ளைக்கு வைத்திருக்கட்டுமா என்று கேட்டார். நான் ஒரு கணமும் யோசிக்காமல் ஓம் என்றேன். ஆரணிக்குப் பின்னேரம் சொன்னபோது முறைத்துப் பார்த்தாள்.

"என்னைக் கேக்காமல் ஏன் ஓம் எண்டனீங்கள்?"

"பழகினால்தானே பிள்ளை வரும்."

அவள் நம்பினாளோ தெரியாது. காலையில் அந்தக் குமிழிச் சத்தம் கேட்டது, அவ்வளவுதான் தெரியும். நான் ஓம் சொன்னது பிள்ளைக்காக மட்டும் இல்லை என்பதை உன்னிடம்தான் சொல்ல முடியும். மற்ற நாட்களில் நீ வீட்டில் இல்லை என்றால், இல்லைத்தான். சனிக்கிழமை அந்த ஒரு மணித்தியாலம் கோச்சின் மாடிப்படியில் இருக்கும்போது, உள்ளே இருக்கிற இரண்டு பேரைப் பொறுத்தவரை நீ ஆஸ்பத்திரியில் தட்டு அடுக்கிக்கொண்டிருக்கிறாய். ஒருத்திக்கு நீ இல்லை என்று தெரியாது, மற்றவள் தெரிந்தே உன்னை அங்கே வைத்திருக்கிறாள். அந்த நேரத்தில் எனக்கும் அது வெறும் சனிக்கிழமைதான். இவ்வளவு காலம் கழித்து என் கையில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான், அதையும் விட எனக்குத் தைரியம் இல்லை.

போனை வைக்கும்போது கோச் உன்னைச் சுகம் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கோச் சுகம் கேட்டா. உன்னைத்தான்.