வாசலில் கேட்கக் கூடாத கேள்வி

ஜூலை 2, புதன்

இரண்டாம் முறை போனேன். மருத்துவமனை மாடியில் வட்டமாக நாற்காலிகள். சாவைக் கண்ணால் பார்த்து, அந்த இடத்திலேயே நின்றுபோனவர்கள் நாங்கள். குழுவை நடத்துபவர் ஆலோசகர் அஸ்ஃபியா.

"அந்தச் சாவுக்கப்புறம் நீங்க உறுதியா நம்புற ஒண்ண, ஒரே வாக்கியத்துல சொல்லுங்க" என்றார்.

சாதிக் பாட்சா அண்ணன் துபாயில் கட்டட வேலை பார்த்தவர். "கூட்டாளி கேட்டான், ஷிஃப்ட் மாத்திக் குடுத்தேன். சாரம் சரிஞ்சு அவன் மவுத்தாயிட்டான். என்னாலதான்."

என் முறை. "உலகம் பாதுகாப்பானதில்ல" என்றேன். இரவல் வாக்கியம்.

ஜூலை 3

உண்மையான வாக்கியம்: நான் கேட்டதால் அப்பா செத்தார்.

தத்துவத்தில் முதுகலை. காரண காரியம் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவள்.

ஜூலை 9, புதன்

சொல்லிவிட்டேன். பிப்ரவரியில் ஒரு காலை. அப்பா ஸ்கூட்டரை எடுத்தபோது, "எங்கப்பா கெளம்பிட்ட?" என்று கேட்டேன். கிளம்புகிறவரை அப்படிக் கேட்டால் காரியம் கெடும் என்பார்கள் எங்கள் வீட்டில். முகம் சுளித்து உள்ளே வந்தார். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினார். அதுதான் பரிகாரம். தெருமுனையில் லாரி. சத்தம் கேட்டு முதலில் ஓடியவள் நான்.

கேட்காமல் இருந்திருந்தால் லாரிக்கு முன்பே கடந்திருப்பார்.

சாதிக் அண்ணன்தான் முதலில் பேசினார்: "நீ கேட்டதுக்கே லாரி வரும்னா, எங்க ஊட்டுல கேக்குற கேள்விக்கு நான் தெனம் ரெண்டு தடவ மவுத்தாயிருக்கணும் தங்கச்சி."

சிரித்துவிட்டேன். எல்லோரும்.

அடங்கும்வரை அஸ்ஃபியா காத்திருந்தார். "கேட்டது நீங்க. லாரிய ஓட்டினது யாரு?"

அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. இத்தனை மாதமும் விசாரணை என் ஒருத்திமீது மட்டும்.

அஸ்ஃபியா கொடுத்த வீட்டுப்பாடம்: கிளம்பும் யாரையாவது அதே கேள்வி கேட்க வேண்டும்.

ஜூலை 10

கேட்கவில்லை.

ஜூலை 12

அம்மா கடைக்குக் கிளம்பினாள். கேள்வி வாய்வரை வந்தது, கேட்கவில்லை. அவள் திரும்பி வரும்வரை ஜன்னலிலேயே நின்றேன். இதற்குப் பெயர் பாசமா?

ஜூலை 14

கேட்டேன். "எங்கம்மா கெளம்பிட்ட?"

செருப்பில் நுழைந்த கால் அப்படியே நின்றது. "மேடம் கேக்கச் சொன்னாங்கம்மா, அப்பாகிட்ட நான் கேட்டது —" உளறினேன்.

அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "உக்காந்து தண்ணி குடிச்சுட்டுப் போங்கன்னது நான்டி. அவரு நேரமாச்சுன்னுதான் சொன்னாரு. கையப் புடிச்சு உக்கார வச்சேன். நீ பேசாம இருக்கறப்பல்லாம், அதத்தான் நெனைச்சு என்மேல கோவமா இருக்கன்னு..."

"நீ என்னைப் பத்தி அப்படி நெனைக்கிறன்னுதாம்மா நான் பேசல."

ஒரே சாவு. ஒரே கூரை. தனித்தனியாக இரண்டு குற்றவாளிகள்.

"லாரிய நீயாம்மா ஓட்டின?"

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போனாள். நான் ஜன்னலுக்குப் போகவில்லை. போகாமல் இருப்பது கடினமாக இருந்தது.

ஜூலை 16, புதன்

அம்மாவும் வந்தாள். "நான் ஒண்ணும் பேச மாட்டேங்க" என்று அஸ்ஃபியாவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தாள். சாதிக் அண்ணன் மின்விசிறிக்கு அடியிலிருந்த தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார்.

அவர் மறுபடியும் ஷிஃப்ட் கதைக்கு வந்தபோது அம்மாவால் தாங்க முடியவில்லை. "அவரு கேட்டாரு, நல்ல மனசோட குடுத்தீங்க. சாரம் சரியும்னு உங்களுக்குத் தெரியுமா தம்பி? இதுல உங்க தப்பு என்ன —"

நிறுத்திக்கொண்டாள். தன் வார்த்தை தன் காதிலேயே விழுந்தது போல.

பேருந்து நிறுத்தத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு: "அடுத்த வாரம் ஒனக்கு வேல கீல இருந்தா நீ இரு. நான் தனியா வந்துக்கறேன்."